முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி பைக்: அறிகுறி பார்த்து வழி தேட

நான் பைக்கிலிருந்து விழவே இல்லை. கல்லணை ரோட்டில் வண்டியைத் திருப்பும்போது முன் சக்கரம் சிந்திக் கிடந்த மணலில் சறுக்கியது. நடக்கிற வேகம்தான் இருக்கும். வண்டி இடது பக்கம் சாய்ந்தது, நான் காலை ஊன்றித் தாங்கினேன். பாதம் தரையில் அழுந்தி நின்றுவிட்டது. அதற்கு மேலே உடம்பும் வண்டியும் திரும்பின. முட்டிக்குள் 'பட்' என்று ஒரு சத்தம். வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் முட்டி இளநீர்க் காய் மாதிரி வீங்கிவிட்டது. ஏ.சி.எல். என்கிற ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டது என்று எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது.

பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்து, அதையே புது ஜவ்வாக முட்டிக்குள் பொருத்தினார்கள். 14வது வாரம் டாக்டரும் பிசியோவும் சரி என்ற பிறகு வண்டியில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் வந்த தொல்லைகளுக்கு என்னிடம் பதில் இல்லை. சாயங்காலம் முட்டி ஏன் ஊதுகிறது, கியரைத் தூக்க ஏன் கால் வரவில்லை, சிக்னலில் நிற்கும்போது ஏன் நடுங்குகிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வலி போய்விட்டது என்பதும் முட்டி தாங்கும் என்பதும் வேறு வேறு. பொருத்திய நாண் முதலில் ஸ்க்ரூ, பட்டன் பிடிப்பில் நிற்கிறது. அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. உடம்பு மெல்ல அதற்குள் ரத்தக் குழாய்களை வளர்த்து, அதை ஜவ்வாக மாற்ற வேண்டும். மாறுகிற அந்தக் காலத்தில், ஏறக்குறைய 6வது வாரத்திலிருந்து 12வது வாரம் வரை, நாண் பொருத்திய நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். அதே வாரங்களில்தான் வலி குறையும், வீக்கம் வற்றும், வாக்கரை மூலையில் வைத்துவிட்டு நடப்போம். வண்டிச் சாவியில் கை போவதும் அப்போதுதான். "வலியே இல்லையே மேடம்" என்று நான் 9வது வாரத்தில் சொன்னபோது என் பிசியோ சொன்ன பதில் இது: "வலி இல்லாததுதான் சார் எனக்குப் பயமா இருக்கு. வலிச்சா நீங்களே ஜாக்கிரதையா இருப்பீங்க."

கீழே உள்ளதெல்லாம் இடது முட்டியை வைத்து எழுதியது. வலது முட்டி ஆபரேஷனுக்குக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். எத்தனையாவது வாரம் ஏறலாம் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு, அதாவது மெனிஸ்கஸ், அதற்கும் தையல் போட்டிருந்தால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, இன்னும் தள்ளிப்போகும்.

இவை இருந்தால் வண்டி வேண்டாம், ஆஸ்பத்திரி

ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அமுக்கினால் வலிக்கிறது என்றால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். தேய்த்துவிடாதீர்கள், எண்ணெய் போட்டு நீவாதீர்கள். அன்றே போய்க் காட்டுங்கள். அதோடு திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சீழ், நாளுக்கு நாள் பரவும் சிவப்பு ஆகியவை தொற்றின் அடையாளம். இதையும் மறுநாளைக்குத் தள்ளக் கூடாது.

மாத்திரைச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். டிரமடால், பிரிகாபலின் போன்றவை தலைசுற்றல், தூக்கக் கலக்கம் கொடுக்கும். அவற்றைச் சாப்பிடும் நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது. வலி மாத்திரை போட்டால்தான் ஓட்ட முடிகிறது என்ற நிலை இருந்தால், ஓட்டும் நேரம் இன்னும் வரவில்லை.

ஏறலாமா என்று வீட்டிலேயே பார்க்க

பிசியோ எனக்கு வைத்த பரீட்சைகளில் வண்டிக்கு நேரடியாக உதவியவை நான்கு.

மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்குங்கள். தூக்கும்போது முட்டி லேசாக மடங்கித் தொங்கினால் முன்தொடைத் தசை இன்னும் விழிக்கவில்லை. அடுத்தது, இடது காலில் மட்டும் 30 விநாடி நிற்பது. மூன்றாவது, சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல், ஆபரேஷன் செய்த காலை மட்டும் வைத்து எழுவது. எழும்போது முட்டி உள்பக்கமாக விழுகிறதா என்று வீட்டில் யாரையாவது முன்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு விழுந்தது. அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஆனது.

நான்காவது வேகம் பற்றியது. உட்கார்ந்தபடி தரையில் ஒரு செருப்பைக் குறுக்கே வைத்து, பாதத்தை அதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக 10 விநாடிக்கு முடிந்த வேகத்தில் மாற்றி மாற்றி வையுங்கள். எண்ணிக்கை நல்ல காலுக்குப் பக்கத்தில் வர வேண்டும். வண்டி சாயும்போது கால் யோசித்துக்கொண்டு இறங்க முடியாது.

இவற்றில் ஒன்று தவறினாலும் ஏறாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

அறிகுறி: வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

முட்டியைப் பற்றிப் பேசும் இடத்தில் இது எதற்கு என்று தோன்றலாம். முதல் நாளில் முட்டியைக் கெடுக்கக் காத்திருப்பது இதுதான்.

மூன்று மாதம் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும். செல்ஃப் 'டிக் டிக்' என்று மட்டும் சொல்லும். உடனே கால் தானாகக் கிக்கருக்குப் போகும். உதைப்பது வலது கால்தானே, ஆபரேஷன் இடது காலில்தானே என்று நினைக்காதீர்கள். வலது கால் உதைக்கும்போது உடம்பு முழுவதும் இடது காலில் நின்று திரும்புகிறது. கிக்கர் எதிர்த்து அடித்தால் அந்த அதிர்ச்சியும் இடது முட்டிக்குத்தான். ஊன்றிய காலின் மேல் உடம்பு திரும்புவதைத் தடுக்கவே அந்த ஜவ்வு இருக்கிறது. அதைத்தான் இப்போது புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

வழி: முதல் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட வேண்டும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் கிண்ணத்தில் நின்ற பழைய பெட்ரோலை வடித்துவிடச் சொல்லுங்கள். இரண்டு டயரிலும் காற்று குறைந்திருக்கும். காற்று குறைந்த முன் டயர் ஹேண்டிலைக் கனமாக்கும், மெதுவாகப் போகையில் வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். செயினுக்கு எண்ணெய், பிரேக், கிளட்ச் கேபிள் எல்லாம் ஒருமுறை பார்க்கட்டும். கிளட்ச் கேபிள் தளர்ந்திருந்தால் கியர் மாறுவது கடினமாகும், அந்தப் பாரம் இடது காலுக்குப் போகும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். டபுள் ஸ்டாண்டு போடுவதையும் எடுப்பதையும் சில மாதம் வேறு யாராவது செய்யட்டும்.

அறிகுறி: ஏறும்போதோ இறங்கும்போதோ முட்டிக்குள் சுருக்கென்கிறது

நாம் எல்லோரும் வண்டியின் இடது பக்கம் நின்று, வலது காலைத் தூக்கிப் போட்டு ஏறுகிறோம். அந்த நேரத்தில் மொத்த எடையும் இடது முட்டியில், அதுவும் திரும்பிய நிலையில். பின்னால் பை கட்டியிருந்தால் காலை இன்னும் உயரத் தூக்க வேண்டும், இன்னும் திரும்பும்.

முதல் சில வாரங்களுக்கு நான் வலது பக்கமிருந்து ஏறினேன். சமதரையில் யாராவது வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, நல்ல காலான வலது காலில் நின்று, இடது காலை மடக்கி சீட்டுக்கு மேலே கொண்டுபோனேன். முட்டி நன்றாக மடங்கினால்தான் இது வரும். 120 டிகிரி பக்கம் மடங்கும் வரை சீட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. ஆளில்லாதபோது இப்படி முயல வேண்டாம். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்ந்திருப்பதால் வலது பக்கம் சீட் உயரமாக இருக்கும்.

தனியாக இருக்கும்போது இடது பக்கமிருந்தே ஏறுங்கள், ஆனால் பாதத்தைத் தரையில் ஒட்டவைத்துத் திருப்பாதீர்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இடது பாதத்தின் விரல்கள் ஹேண்டில் பக்கம் பார்க்கும்படி முதலிலேயே வைத்துக்கொண்டு, பிறகு காலைத் தூக்குங்கள். பாதமும் முட்டியும் ஒரே திசையைப் பார்த்தால் அந்தச் சுருக் வராது.

சைடு ஸ்டாண்டை உட்கார்ந்தபடி இடது குதிகாலால் தள்ளுவது இன்னொரு பொறி. முட்டியை வெளிப்பக்கம் வளைத்து உதைக்கும் அசைவு அது. ஸ்டாண்டு ஸ்பிரிங் இறுகியிருந்தால் மெக்கானிக்கிடம் கிரீஸ் போடச் சொல்லுங்கள். அப்படியும் கனமாக இருந்தால் இறங்கி நின்று வலது காலால் போடுங்கள்.

அறிகுறி: மேல் கியருக்குத் தூக்கும்போது முட்டிச்சில்லுக்குக் கீழே வலி, அல்லது கால் வரவே இல்லை

ஒன்று கீழே, மீதி மேலே என்ற கியர் அமைப்பு உள்ள வண்டிகளில் இது நிச்சயம் வரும். பாதத்தை லீவருக்கு அடியில் நுழைத்துத் தூக்கும் வேலையில் பெரும்பகுதி கணுக்காலுடையது. ஆனால் முன்தொடை மெலிந்திருக்கும்போது கணுக்காலை மட்டும் அசைக்கத் தெரியாமல் முழுக் காலையும் தூக்குகிறோம். முட்டி வலிக்கிறது.

முதலில் லீவரின் உயரத்தைப் பாருங்கள். லீவர் மிகத் தாழ்ந்திருந்தால் பாதத்தைக் கீழே குத்தினால்தான் அடியில் நுழையும். மேல் கியருக்குத் தூக்குவதுதான் தொல்லை என்றால் லீவரைச் சற்று உயர்த்த வேண்டும். கீழ் கியருக்கு மிதிக்கக் காலை எடுத்து மேலே வைப்பதுதான் தொல்லை என்றால் சற்றுத் தாழ்த்த வேண்டும். இணைப்புக் கம்பி உள்ள வண்டிகளில் இரண்டு நட்டுகளைத் தளர்த்தித் திருகினால் போதும். நேரடியாகத் தண்டில் மாட்டிய லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்ட வேண்டும். மெக்கானிக்குக் கால் மணி நேர வேலைகூட இல்லை. ஆனால் நீங்கள் சீட்டில் உட்கார்ந்து, வழக்கமாகப் போடும் ஷூவோடு பாதத்தை வைத்துக் காட்ட வேண்டும். எனக்கு ஒரு பல் உயர்த்தியதில் பாதித் தொல்லை போனது.

அடுத்தது பயிற்சி. வண்டி டபுள் ஸ்டாண்டில், இன்ஜின் அணைந்து, சாவி வீட்டுக்குள் இருக்கட்டும். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, கணுக்காலை மட்டும் அசைத்துக் கியர் மாற்றிப் பாருங்கள். வேறொருவர் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் கியர் விழும். தினமும் 20 தடவை செய்தேன். பக்கத்து வீட்டுப் பையன் சக்கரம் சுற்றித் தந்தான். ஒரு வாரத்தில் கால் பழைய வேலையை நினைவுபடுத்திக்கொண்டது.

அறிகுறி: குதிகாலால் கியர் மிதிக்கும்போது பின்தொடையில் இழுக்கிறது

முன்னும் பின்னும் மிதிக்கும் நீள லீவர் உள்ள வண்டிகளில் வருவது. தசைநாண் எடுத்தது அங்கிருந்துதான். குதிகாலைப் பின்னால் இழுக்கும் எந்த அசைவும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும். சில சமயம் பின்தொடையில் சட்டென்று பிடித்து, மறுநாள் கன்றிக்கூடப் போகும். பயப்பட வேண்டியதில்லை; ஆனால் பத்து நாள் வண்டியை விட்டுவிட்டு பிசியோவிடம் சொல்லுங்கள். நாண் முட்டிச்சில்லுப் பக்கமிருந்து எடுக்கப்பட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது. அவர்களுக்கு மண்டியிட்டால் வலிக்கும்.

அறிகுறி: வண்டியை நிறுத்தும்போது கால் நடுங்குகிறது, முட்டி நழுவுவது போல இருக்கிறது

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஜவ்வு மறுபடி அறுவதற்கு வாய்ப்புள்ள இடம் வேகமாகப் போகும் நெடுஞ்சாலை அல்ல. நிற்கப்போகும் அந்தக் கடைசி ஒரு மீட்டர்தான்.

முதலில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். தசை களைத்து நடுங்குவது ஒன்று. அது ஓட்டத்தின் முடிவில் வரும், உட்கார்ந்தால் அடங்கும். எலும்பின் மேல் எலும்பு நிஜமாகவே விலகி நழுவுவது இன்னொன்று. அது திடீரென்று வரும், மனம் திடுக்கிடும், பிறகு வீங்கும். இரண்டாவது ஒரே ஒரு தடவை வந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

முதல் வகைக்கு வழி, நிறுத்தும் பழக்கத்தையே மாற்றுவது. வலது காலைப் பின்பிரேக்கில் வைத்து, இடது காலைத் தரையில் ஊன்றித்தான் நாம் பழகியிருக்கிறோம். இதைத் திருப்பிப் போட வேண்டும். வேகம் குறையும் வரை இரண்டு பிரேக்கும். கடைசி ஒரு மீட்டரில் வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து, முன்பிரேக்கை இரண்டு விரலால் மென்மையாகப் பிடித்து, ஹேண்டிலை நேராக வைத்து, இடுப்பை வலது பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்துங்கள். வண்டி தானாக வலது பக்கம் சாயும், வலது கால் தரையைத் தொடும். இடது கால் ஃபுட்ரெஸ்டிலேயே இருக்கும்.

இதில் ஒரு வசதியும் உண்டு. நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிகின்றன. இடது ஓரத்தில் நின்றால் வலது பக்கத் தரை மேலே இருக்கும், கால் சுலபமாக எட்டும். இடது பக்கம்தான் பள்ளமும் மண்ணும் சரளையும். ஆபரேஷன் செய்த காலை இத்தனை நாள் அந்தப் பக்கம்தான் ஊன்றிக்கொண்டிருந்தோம்.

ஒரு சிக்கலும் உண்டு. மேம்பாலம் ஏறும் இடத்திலோ மேட்டிலோ நின்றால், வலது கால் தரையில் இருப்பதால் வண்டியைப் பிடிக்க முன்பிரேக் மட்டும்தான். கிளம்பும்போது அதே வலது கை பிரேக்கையும் விட வேண்டும், ஆக்சிலரேட்டரையும் முறுக்க வேண்டும். பழகும் வரை அப்படிப்பட்ட சிக்னல் உள்ள வழியே வேண்டாம். நான் இரண்டு மாதம் சுற்றுவழியில்தான் போனேன்.

இதைச் சாலையில் பழகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருச்சி பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் நண்பன் ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகினேன். பத்தடி போய் நிற்பது, மறுபடி பத்தடி. முதல் நாள் 20 தடவையில் ஏழெட்டுத் தடவை இடது கால் தானாக இறங்கியது. இருபது வருடப் பழக்கம் அது. மூன்றாவது ஞாயிறுதான் ஒருமுறைகூட இறங்காமல் நின்றது.

இன்னொன்றையும் அந்த மைதானத்திலேயே மனதில் பதியவைத்துக்கொள்ளுங்கள். வண்டி சாய ஆரம்பித்து, பிடிக்க முடியாது என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ, கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. ஓரளவுக்கு மேல் சாய்ந்த வண்டியை நல்ல முட்டியே தாங்காது. கிளட்ச் லீவரும் கண்ணாடியும் உடைந்தால் மாற்றலாம். கிராஷ் கார்டு இல்லையென்றால் ஏறும் முன்பே ஒன்று மாட்டிவிடுங்கள். கீழே விழுந்த வண்டிக்கும் தரைக்கும் நடுவே காலுக்கு இடம் விடுவது அதுதான்.

அறிகுறி: ஓட்டிய அன்று சாயங்காலம் முட்டி ஊதுகிறது

முட்டியின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலே இரண்டு மூன்று முறை தடவுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை தடவுங்கள். உள்பக்கக் குழியில் சின்ன அலைபோல நீர் திரும்பி வந்தால் மூட்டுக்குள் நீர் கோத்திருக்கிறது. வெளியே தெரியாத வீக்கத்தையும் இது காட்டிக் கொடுக்கும். தினமும் காலையில் பல் துலக்கும் நேரத்தில் பார்த்துவிடுவேன்.

மறுநாள் காலைக்குள் வற்றிவிட்டால் சுமை கொஞ்சம் அதிகம் என்று பொருள். அடுத்த தடவை தூரத்தைப் பாதியாக்குங்கள். மறுநாளும் இருந்தால் முழுதாக வற்றும் வரை வண்டி வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம், காலை நெஞ்சுக்கு மேல் உயரத்தில் வைத்து. வீங்கிய முட்டியோடு ஓட்டுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது: மூட்டுக்குள் நீர் இருக்கும்போது முன்தொடைத் தசையை நரம்பு தானாகவே அடக்கிவைக்கிறது. நீங்கள் எவ்வளவு முயன்றாலும் தசை முழு பலத்தையும் தராது. அப்போது ஊன்றும் கால் ஏமாற்றிவிடும்.

தூரத்தைவிட நிறுத்தங்களை எண்ணுங்கள். எனக்கு ஊதிய நாட்களைக் குறித்துவைத்துப் பார்த்தேன். 12 கிலோமீட்டர் தடையில்லாமல் போன நாள் ஒன்றுமில்லை. கடைவீதிக்குள் மூன்று கிலோமீட்டர் போன நாள் ஊதியிருந்தது.

அறிகுறி: அரை மணி நேரத்தில் முட்டி விறைக்கிறது, நீட்ட முடியவில்லை

மடக்கியே வைத்திருப்பதால் வருவது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி, இறங்கி, குதிகாலைத் தரையில் வைத்து முட்டியை முழுதாக நீட்டி நில்லுங்கள். ஓடும் வண்டியில் காலை வெளியே நீட்டி ஆசுவாசப்படுத்தும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் குதிகாலுக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைத் தொங்கவிட்டு பத்து நிமிடம் படுங்கள். முழுதாக நீளாத முட்டியோடு வாரங்கள் போனால் பிறகு அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

முட்டி விறைப்பதல்ல, ஒரு கோணத்தில் பூட்டிக்கொண்டு எந்தப் பக்கமும் நகரவில்லை என்றால் கதை வேறு. மெனிஸ்கஸ் துண்டு இடையில் சிக்கியிருக்கலாம். பலவந்தமாக இழுக்காமல் டாக்டரிடம் போங்கள்.

அறிகுறி: முட்டிக்குக் கீழே மரத்துப் போயிருக்கிறது, 'டொக்' என்று சத்தம் வருகிறது

தழும்புக்குப் பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு கை அகலத்துக்குத் தொட்டால் தெரியாமல் இருப்பது சாதாரணம். தோலின் சிறு நரம்பு அறுபடுவதால் வருவது. மெல்லச் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். ஓட்டுவதற்கு இது தடையில்லை. ஆனால் சைலன்சர் பக்கம் காலைக் கொண்டுபோகும்போது சூடு உடனே தெரியாது. அரைக்கால் சட்டையோடு ஓட்டாதீர்கள். பாதமே மரத்தாலோ, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போனாலோ அது சாதாரணம் அல்ல.

வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

அறிகுறி: மணலைப் பார்த்தாலே உடம்பு இறுகுகிறது

எனக்கு இது ஐந்து மாதம் இருந்தது. தூரத்தில் ரோட்டோரம் மணல் தெரிந்தாலே தோள் இறுகும், கை ஹேண்டிலை நெரிக்கும், பார்வை மணலிலேயே நிற்கும். இறுகிய கையால் ஓட்டும் வண்டிதான் மணலில் சறுக்கும். பயத்தை அதட்டி அடக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. மைதானத்து மண்ணில், முதல் கியரில், வண்டியைத் திருப்பாமல் நேராக மட்டும் ஓட்டிப் பழகியது உதவியது. மணலில் பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம். முன்னாடியே வேகம் குறைத்து, நேராகக் கடந்து, பிறகு திருப்பலாம். குறுகிய ரோட்டில் வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தால் நான் இன்றைக்கும் அகலமான இடம் வரும் வரை போய்த்தான் திருப்புகிறேன்.

வலது முட்டி என்றால்

ஊன்றும் கால் இடதுதான், ஆகவே நிறுத்தும் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. தொல்லை பின்பிரேக்கில். அவசரத்தில் பாதம் எவ்வளவு வேகமாகப் பெடலுக்குப் போகிறது என்பதே கேள்வி. பெடலின் உயரத்தை, பாதத்தைத் தூக்காமல் விரல் பக்கம் சாய்த்தாலே மிதிபடும்படி வைக்கச் சொல்லுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சி.சி. வரையிலான பெரும்பாலான வண்டிகளில் சி.பி.எஸ். என்கிற இணைப்பு பிரேக் இருக்கும், அதில் பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். அது உதவிதான், ஆனால் மிதிக்கும் காலே பலவீனமாக இருந்தால் இரண்டுமே குறையும். கையின் முன்பிரேக்கை நம்பிப் பழகுங்கள். கிக்கர் என்ற பேச்சே கூடாது. பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். மேலே இடது முட்டிக்குச் சொன்ன கியர் தொல்லைகள் உங்கள் வலது முட்டிக்கு வரும்.

"அதுவரை ஸ்கூட்டர் ஓட்டலாமே"

கியர் இல்லை, காலைத் தூக்கிப் போட வேண்டாம், உட்கார்ந்து ஏறலாம். உண்மைதான், வாய்ப்பிருந்தால் முதலில் அதில் தொடங்குவது நல்லது. ஆனால் ஸ்கூட்டரும் நிற்கும், சாயும், அதன் சின்னச் சக்கரம் குழியில் இன்னும் மோசமாகக் குதிக்கும். பைக்குக்குச் சொன்ன வாரக் கணக்கையும் வீட்டுப் பரீட்சைகளையும் ஸ்கூட்டருக்கும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் ஆள் ஏற்றுவது

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் கடைசியில்தான் செய்ய வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் நிறுத்தும்போது காலுக்கு வரும் எடை கூடும். ஒருபக்கமாக உட்கார்ந்தால் அந்த எடை முழுதும் இடது பக்கம் இழுக்கும், நாம் வலது பக்கம் சாய்க்கப் பழகிய பழக்கம் அங்கே எடுபடாது. என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "நான் பஸ்ஸிலேயே போய்க்கிறேன், நீங்க முதல்ல உங்க காலைப் பாருங்க" என்றாள். ஒன்பதாவது மாதம், ஒரு காலில் குதித்து இறங்கும் பரீட்சையை பிசியோ சரி என்ற பிறகுதான் ஏற்றினேன். இரண்டு பக்கமும் கால் போட்டு, நான் வண்டியை நேராக நிறுத்தி "ம், ஏறு" என்று சொன்ன பிறகு ஏறி உட்கார்ந்தாள். இறங்கும்போதும் நான் சொன்ன பிறகுதான் இறங்கினாள். வீட்டிலிருந்து உறையூர் வரை போய்விட்டு வந்தோம். மறுநாள் காலையில் முட்டியைத் தடவிப் பார்த்தேன், நீர் இல்லை.